மோட்டோகிராஸ் பைக்குகள்: புது மாடலில் உண்மையில் என்ன மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் தடத்தில் மேடும் குழியும் தாண்டி ஓடும் பந்தயம் மோட்டோகிராஸ். ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் வந்தால் ஹோண்டா, யமஹா, கவாஸாகி, கேடிஎம் என்று வரிசையாக அடுத்த ஆண்டு மாடல்களை அறிவிப்பார்கள். "முற்றிலும் புதிய ஃபிரேம்", "மேம்பட்ட டார்க்" என்று விளம்பரம் ஓடும். படத்தைப் பார்த்தால் போன வருட வண்டிக்கும் இதற்கும் ஸ்டிக்கர்தான் வித்தியாசம் போலிருக்கும். பெரும்பாலும் 450 சிசி வகுப்பை வைத்து, கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் மாறியவற்றில் எது சரக்கு, எது சத்தம் என்று பிரித்துப் பார்க்க இந்தப் பக்கம்.

மோட்டோகிராஸ் பைக்குக்கும் நாம் ஓட்டும் "ஆஃப் ரோடு" பைக்குக்கும் என்ன வித்தியாசம்?

ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, நம்பர் பிளேட் மாட்ட இடம் கிடையாது. பந்தயத்துக்காக மட்டுமே பிறந்த வண்டி. 450 சிசி இன்ஜின், ஐந்து கியர், பெட்ரோலோடு சேர்த்து 110 கிலோ அளவு எடை, 55 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. நம் ஊர் 150 சிசி பைக்குகளில் பல இதைவிடக் கனமானவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2025 மாடல் என்கிறார்கள், 2024-லேயே விற்கிறார்களே?

மாடல் ஆண்டு என்பது காலண்டர் ஆண்டு அல்ல. அமெரிக்க சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ் தொடர்) ஜனவரியில் தொடங்கிவிடும். அதற்குள் வண்டி கைக்கு வந்து, பழகி, செட்டிங் முடிந்திருக்க வேண்டும். அதனால் முந்தைய ஆண்டின் நடுவிலேயே கடைக்கு வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் அடியோடு புது வண்டி வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஃபோர்க்கின் (முன்பக்க சஸ்பென்ஷன்) உள்வால்வு, இன்ஜின் மேப் (பெட்ரோலையும் இக்னிஷனையும் ஆளும் மென்பொருள் அட்டவணை), பிரேக் ஹோஸ் போகும் வழி என்று சில்லறை மாற்றங்கள்தான். "புதிய கிராபிக்ஸ்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் அந்த ஆண்டு வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு புது மாடலிலும் பவர் ஏறிக்கொண்டே போகிறதா?

இல்லை. இந்தத் துறையைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியதே இதுதான்.

ஒரு காலத்தில் ஏறியது. 1997 லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸ் இறுதிச் சுற்றில் அமெரிக்க ஓட்டுநர் டக் ஹென்றி யமஹாவின் சோதனை வண்டியான ஒய்இசட்எம்400எஃப்-இல் ஜெயித்தார். டூ ஸ்ட்ரோக் ராஜ்ஜியத்தில் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் நுழைந்த நாள் அது. மறு ஆண்டே ஒய்இசட்400எஃப் கடைக்கு வந்தது. 2002-இல் ஹோண்டாவின் சிஆர்எஃப்450ஆர் வந்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் எல்லாரும் குதிரைத்திறனைத் துரத்தினார்கள். அப்புறம் ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே உண்மை உறைத்தது: 450-இன் முழு சக்தியையும் மண்ணில் இறக்கக்கூடிய மனிதர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அவர்களாலும் பந்தயம் முழுக்க முடியாது.

உலக சாம்பியன்ஷிப்பான எம்எக்ஸ்ஜிபி-யில் ஒரு பந்தயம் 30 நிமிடமும் இரண்டு லேப்பும். ஒரே நாளில் இப்படி இரண்டு. முதல் ஐந்து நிமிடம் யார் வேண்டுமானாலும் முறுக்கலாம். இருபதாவது நிமிடத்தில் முன்கை இறுகி, விரல் கிளட்ச் லிவரை விட்டு வர மறுக்கும்போது, ஆக்ஸிலேட்டரை ஒரு மில்லிமீட்டர் அதிகம் திருப்பினால் வண்டி உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். இன்றைய இன்ஜினியர் யோசிப்பது அந்த இருபதாவது நிமிடத்தைப் பற்றித்தான். அண்மைக்கால மாற்றங்களில் உருப்படியானவை எல்லாமே, ஓட்டுபவர் களைத்த பிறகும் வண்டி அவர் சொல்பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காக வந்தவை.

அப்படியென்றால் பவரைக் குறைத்துவிட்டு அதை முன்னேற்றம் என்று விற்கிறார்களா?

ஒரு வகையில் ஆமாம், அது ஏமாற்றும் இல்லை. 2023 மாடல் சிஆர்எஃப்450ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோண்டா அதில் இன்டேக் போர்ட்டை, அதாவது காற்று சிலிண்டருக்குள் நுழையும் வழியை, குறுகலாக்கியது. காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியின் விட்டத்தை 46 மில்லிமீட்டரிலிருந்து 44 ஆகக் குறைத்தது. டியூனிங் கடைக்காரர் யாரிடம் கேட்டாலும் "பெரிய த்ராட்டில் பாடி போடு, பவர் ஏறும்" என்பார். ஹோண்டா நேர் எதிராகப் போனது.

காரணம் எளிது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது உறிஞ்சும் காற்றின் அளவு குறைவு. வழி அகலமாக இருந்தால் அந்தக் கொஞ்சக் காற்று சோம்பலாக நகரும். பெட்ரோலோடு சரியாகக் கலக்காது, சிலிண்டரும் ஒழுங்காக நிரம்பாது. வழியைக் குறுக்கினால் அதே காற்று வேகமெடுக்கும், கலவை சீராகும், கீழ் சுழற்சியில் இழுவை கூடும். உச்ச சுழற்சியில் கொஞ்சம் மூச்சு முட்டலாம். ஆனால் மண்மேட்டுத் திருப்பத்திலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் உச்ச சுழற்சியில் இல்லை. அவர் நடுவில் எங்கோ, மூன்றாம் கியரில், கிளட்சைத் தொடாமல் வெளியே வர முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஃபிரேம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது இல்லையா? வளைய விடுகிறோம் என்கிறார்களே?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். தார்ச்சாலைப் பந்தய வண்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் குழப்பம்.

1997-இல் ஹோண்டா சிஆர்250ஆருக்கு அலுமினியம் ஃபிரேம் போட்டது. விற்பனைக்கு வந்த மோட்டோகிராஸ் வண்டிகளில் அப்படி ஒரு பெரிய இரட்டைத் தண்டு அலுமினியச் சட்டம் அதுவே முதல். பார்க்க அட்டகாசம், ஓட்டினால் கையும் முதுகும் கழன்றுவிடும் அளவுக்கு விறைப்பு. 2000-இல் வந்த அடுத்த ஃபிரேமில் தண்டுகளை மெலிதாக்கித்தான் சமாளித்தார்கள்.

விறைப்பு ஏன் கெடுதல்? நேராக நிற்கும் வண்டிக்கு ஃபோர்க்கும் ஷாக்கும் (பின்பக்க சஸ்பென்ஷன்) குழியை வாங்கிக்கொள்ளும். திருப்பத்தில் வண்டி சாய்ந்து கிடக்கும்போது குழி தரும் அடி பக்கவாட்டில் வருகிறது. ஃபோர்க் அந்தத் திசையில் அமுங்காது. அந்த அடியை வாங்கிக்கொள்ள மிச்சம் இருப்பது ஃபிரேம், ஆக்ஸில், டிரிபிள் கிளாம்ப் (ஃபோர்க்கை ஃபிரேமோடு பிடிக்கும் பகுதி), டயர் ஆகியவைதான். இவை கொஞ்சம் நெகிழ்ந்தால் டயர் தரையை விடாது. நெகிழாவிட்டால் டயர் துள்ளும், முன்சக்கரம் வழுக்கும்.

2021 சிஆர்எஃப்450ஆரில் ஹோண்டா ஃபிரேமின் பக்கவாட்டு விறைப்பை 20 சதவீதம் குறைத்தது. மெயின் ஃபிரேமில் 700 கிராம், சீட்டைத் தாங்கும் சப் ஃபிரேமில் 320 கிராம் எடையும் போயிற்று. எடை குறைந்தது தலைப்புச் செய்தியானது. என் கணக்கில் அந்த 20 சதவீதம்தான் பெரிய விஷயம்.

கேடிஎம் கதை இன்னும் சுவாரஸ்யம். அவர்கள் கடைசி வரை குரோமோலி ஸ்டீல் ஃபிரேமை விடவில்லை. ஸ்டீல் இயல்பிலேயே நெகிழும் என்பது அவர்கள் பெருமை. 2023-இல் எஸ்எக்ஸ்-எஃப் என்ற தங்கள் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வரிசையை முழுதாகப் புதுப்பித்தார்கள். வேகமாகப் போகும்போது அசையாமல் நேராக நிற்கும் வண்டி வந்தது. கூடவே "கல்லு மாதிரி இருக்கு" என்ற புகாரும் வந்தது. இரண்டே ஆண்டில், 2025 மாடலில், அதே ஃபிரேமில் சில இடங்களில் உலோகத்தைக் குறைத்து நெகிழ்வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விறைப்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடலாம். போதுமா என்பதை ஓட்டுபவரின் மணிக்கட்டுதான் சொல்லும்.

கம்பெனிகளே நடத்தும் ஃபேக்டரி டீம்களின் கூடாரத்தில் நின்று பார்த்தால் இன்னொரு விளையாட்டு தெரியும். இன்ஜினை ஃபிரேமோடு பிணைக்கும் மவுண்ட் தகடுகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரு தடத்துக்குத் தடிமனானது, இன்னொன்றுக்கு மெலிசானது. அந்த போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே வண்டியின் குணத்தை மாற்றும்.

கேடிஎம் 2023-இல் ஃபிரண்ட் ஸ்ப்ராக்கெட்டை 3 மில்லிமீட்டர் இறக்கியதாமே? அதெல்லாம் ஒரு மாற்றமா?

மாற்றம்தான். இன்ஜினையே 2 டிகிரி பின்பக்கம் சாய்த்து, செயினை இழுக்கும் முன்பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் இறக்கினார்கள்.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டியின் பின்பக்கம் உட்காரும். செயினின் மேல்பக்கம் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சுக்கு மேலாகப் போகிறது. இழுவை ஏறும்போது அந்தச் செயின் பின்சக்கரத்தை மேல்நோக்கி இழுத்து ஷாக்கை அமுக்கப் பார்க்கும். செயின் அச்சுக்கு எவ்வளவு உயரத்தில் போகிறதோ அவ்வளவு பலம் அந்த இழுப்புக்கு. ஸ்ப்ராக்கெட்டை இறக்கினால் உயரம் குறைகிறது, இழுப்பும் குறைகிறது.

பின்பக்கம் உட்காராவிட்டால் என்ன லாபம்? ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில் வரிசைக் குழிகளுக்குள் போனால் மிச்சம் அமுங்க இடம் இல்லை. குதிரை உதைப்பதுபோல் சீட் உதைக்கும். முன்சக்கரமும் இலேசாகி நேராகப் பிடிக்க முடியாது. 3 மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் செயினுக்கும் அச்சுக்கும் உள்ள மொத்த இடைவெளியே சில சென்டிமீட்டர்தான் என்பதால் விகிதத்தில் அது சிறியதல்ல.

யமஹா இன்ஜின் மட்டும் ஏன் திருப்பி வைத்ததுபோல் இருக்கிறது?

2010 ஒய்இசட்450எஃப்-இல் தொடங்கியது அது. சிலிண்டர் ஹெட்டைத் திருப்பி வைத்தார்கள்: காற்று முன்பக்கமிருந்து உள்ளே போகும், புகை பின்பக்கம் வெளியே வரும். ஏர் ஃபில்டர் டேங்க் இருக்கும் இடத்துக்குப் போயிற்று, பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இறங்கியது. காற்று நேர்க்கோட்டில் சிலிண்டருக்குள் இறங்கும், பின்சக்கரம் வாரியிறைக்கும் தூசி ஃபில்டருக்கு எட்டாது, எடை நடுவில் சேரும் என்பது திட்டம்.

முதல் சில ஆண்டுகள் திட்டு வாங்கினார்கள். வண்டி அகலம், திருப்பத்தில் அடம். உறிஞ்சும் சத்தம் மூக்குக்கு நேரே கேட்கும். யமஹா பின்வாங்கவில்லை, ஒவ்வொரு தலைமுறையிலும் செதுக்கிக்கொண்டே வந்தது. 2023-இல் வந்த ஒய்இசட்450எஃப் முந்தையதைவிட 2 கிலோவுக்கு மேல் இலேசு, உடம்பும் ஒல்லி, சுழற்சி எல்லை நிமிடத்துக்கு 500 அதிகம். புகார் பட்டியலில் பாதி அங்கே முடிந்தது.

யமஹாதான் முதலில் இப்படிச் செய்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. சைக்கிள் கம்பெனியான கேனன்டேல் 2001 வாக்கில் எம்எக்ஸ்400 என்றொரு மோட்டோகிராஸ் வண்டி விட்டது. திருப்பி வைத்த ஹெட், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், செல்ஃப் ஸ்டார்ட் மூன்றும் அதில் இருந்தன. வண்டி கோளாறு மேல் கோளாறு, கம்பெனி 2003-இல் திவால். யோசனை எல்லாம் சரி, காலம்தான் பத்து ஆண்டு முன்னே.

ஏர் ஃபோர்க் நல்லதா, ஸ்பிரிங் ஃபோர்க் நல்லதா?

2013-ஐ ஒட்டிப் பலரும் ஸ்பிரிங்கை விட்டுக் காற்றுக்குத் தாவினார்கள். ஹோண்டாவும் கவாஸாகியும் காயபா (சஸ்பென்ஷன் செய்யும் ஜப்பானியக் கம்பெனி) ஏர் ஃபோர்க் போட்டார்கள். 2015-இல் இன்னொரு சஸ்பென்ஷன் கம்பெனியான ஷோவாவின் மூன்று அறைக் காற்று ஃபோர்க் கவாஸாகிக்கும் சுசூகிக்கும் வந்தது. எஃகு ஸ்பிரிங்கைத் தூக்கியதால் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். ஓட்டுபவர் எடைக்குத் தக்கபடி பம்ப் வைத்து அழுத்தம் மாற்றலாம். ஸ்பிரிங் வாங்க அலைய வேண்டாம்.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஹோண்டா 2017-இல், சுசூகி 2018-இல், கவாஸாகி 2019-இல். யமஹா போகவே இல்லை; காயபா ஸ்பிரிங் ஃபோர்க்கையே கட்டிக்கொண்டிருந்தது, இன்றும் பலர் அதைத்தான் இந்த வகுப்பின் தலைசிறந்த ஃபோர்க் என்கிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

காற்றில் என்ன சிக்கல்? சூடு. கேடிஎம் குழும வண்டிகளில் இன்றும் இருக்கும் டபிள்யூபி (அவர்களின் சஸ்பென்ஷன் பிராண்ட்) ஏர் ஃபோர்க்கில் 450-க்கு 10.7 பார் (காற்றழுத்த அலகு) அளவு அழுத்தம் வைப்பார்கள். நிழலில் 30 டிகிரியில் அடித்த காற்று, ஓடும்போது 50 டிகிரிக்குச் சூடேறுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அழுத்தம் முக்கால் பார் ஏறிவிடும். மேஜையில் 0.1, 0.2 பார் என்று நுணுக்கமாகச் செட் செய்தது எல்லாம் ஐந்தாவது லேப்பில் காற்றோடு போச்சு. போதாக்குறைக்கு, காற்றை அடைத்து வைக்கும் சீல் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான சீல் சின்னக் கற்களுக்கு அசைய மறுக்கும்.

டபிள்யூபி அதைச் சமாளித்த விதம், ஒரு காலில் மட்டும் காற்று, மறு காலில் எண்ணெய்த் தணிப்பு என்று பிரித்தது. 2017-இல் அந்த ஃபோர்க் வந்தபோது முந்தைய ஸ்பிரிங் ஃபோர்க்கைவிட ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைவு. அது பொருட்படுத்த வேண்டிய எடைதான், அதுவும் முன்பக்கத்தில். ஆனால் அதே கேடிஎம் 2024-இல் தன் எண்டூரோ வண்டிகளான இஎக்ஸ்சி வரிசைக்கு ஸ்பிரிங் ஃபோர்க்கைத்தான் போட்டது. மணிக்கணக்காகக் காட்டில் ஓடும் வண்டிக்கு எதை நம்புகிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

மோட்டோகிராஸ் வண்டியில் டிராக்‌ஷன் கண்ட்ரோலா? சக்கரம் சுற்றித்தானே மண்ணில் போக முடியும்?

நல்ல கேள்வி. அதனால்தான் இது சாலை வண்டியில் இருக்கும் சாமான் இல்லை. சாலை வண்டி முன், பின் சக்கர வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பின்சக்கரம் வழுக்கினால் பவரை வெட்டும். ஜப்பானிய மோட்டோகிராஸ் வண்டிகளில் சக்கரத்தில் சென்சாரே இல்லை. ஹோண்டா 2020-இல் 450-க்குக் கொண்டுவந்த அமைப்பு, இன்ஜின் சுழற்சி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மட்டும் கவனிக்கிறது. பிடிப்பு இருக்கும்போது சுழற்சி ஒரு அளவோடுதான் ஏற முடியும். திடீரென்று அதைத் தாண்டி எகிறினால் சக்கரம் வெறும் மண்ணைக் கிளறுகிறது என்று பொருள். உடனே இக்னிஷனைச் சற்றுத் தள்ளிப்போட்டு, இன்ஜெக்‌ஷனையும் மட்டுப்படுத்துகிறது. யமஹா 2023-இல், கவாஸாகி 2024-இல் அதே வழிக்கு வந்தன.

காய்ந்து இறுகிய தரையில் இது கை கொடுக்கும். ஆழமான மணலில் அணைத்துவிடுங்கள். அங்கே சக்கரம் சுற்றினால்தான் வண்டி மிதக்கும்.

டுகாட்டி ஒரு படி மேலே போய், தன் டெஸ்மோ450 எம்எக்ஸ்-இல் வண்டியின் சாய்வையும் அசைவையும் அளக்கும் இனர்ஷியா சென்சாரை வைத்தது. தாவும்போது சக்கரம் காற்றில் சுற்றினால் சுழற்சி எகிறத்தான் செய்யும். அதை வழுக்கல் என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வித்தியாசத்தை இது பிரித்தறியும்.

டுகாட்டிக்கு இந்த மண்ணில் என்ன வேலை?

அதையேதான் எல்லாரும் கேட்டார்கள். 2024 மார்ச்சில் மாண்டோவாவில், இத்தாலிய சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றிலேயே அலெஸ்ஸாண்ட்ரோ லுப்பினோ டெஸ்மோவை ஜெயிக்க வைத்த பிறகு சத்தம் குறைந்தது. ஒன்பது முறை உலக சாம்பியனான அந்தோனியோ கைரோலி சோதனை ஓட்டுநர்.

இன்ஜினியரிங் பக்கம் பார்த்தால் அதன் விசேஷம் வால்வு. மற்ற எல்லா வண்டியிலும் கேம் (சுழலும் முட்டை வடிவ பாகம்) வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். சுழற்சி ஏற ஏற ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் வால்வு மிதக்கத் தொடங்கும். டுகாட்டியில் திறப்பதற்கு ஒரு கேம், மூடுவதற்கும் ஒரு கேம். சாலை வண்டிகளில் பல பத்தாண்டுகளாக அவர்கள் செய்வதுதான்; மோட்டோகிராஸுக்குப் புதிது. அவர்கள் சொல்லும் அளவு 9,400 சுழற்சியில் 63.5 குதிரைத்திறன், எல்லை 11,900 சுழற்சி.

மற்றவர்கள் இதே பிரச்சினைக்கு எடுத்த வழி ஃபிங்கர் ஃபாலோயர். முன்பு கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் கிண்ணம்போல ஒரு பக்கெட் இருக்கும், வால்வோடு சேர்ந்து அதுவும் மேலும் கீழும் ஓடும். அதற்குப் பதில் ஒரு முனை நிலையாக நிற்கும் சின்ன விரல் தகடு. ஓடும் எடை குறைந்தால் ஸ்பிரிங்கின் வேலையும் குறையும், கேமை இன்னும் முரட்டுத்தனமாகச் செதுக்கலாம். 2019 கவாஸாகி கேஎக்ஸ்450-இல் வந்தது இது. கேடிஎம் அதற்கு முன்பே வைத்திருந்தது.

செல்ஃப் ஸ்டார்ட் எடையைக் கூட்டுமே, பந்தய வண்டிக்கு எதற்கு?

விழுந்த பிறகு தெரியும் எதற்கென்று. சூடான 450-ஐக் கிக்கரில் உயிர்ப்பிக்க நான்கைந்து உதை ஆகலாம். ஒவ்வோர் உதைக்கும் இரண்டு பேர் தாண்டிப் போவார்கள். கேடிஎம் 2007-லேயே 450-க்கு செல்ஃப் போட்டது. ஹோண்டா, யமஹா 2018-இல், கவாஸாகி 2019-இல் வழிக்கு வந்தன. லித்தியம் பேட்டரி வந்து எடைக் கவலையைப் பெருமளவு தீர்த்தது. கிக்கரை முழுசாகக் கழற்றியதில் கொஞ்சம் எடையும் திரும்பக் கிடைத்தது.

சுசூகி மட்டும் விதிவிலக்கு. ஆர்எம்-இசட்450 இன்னும் கிக்கர்தான். பெரிய கம்பெனிகளில் 2008-லேயே மோட்டோகிராஸுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டுவந்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் 2018-க்குப் பிறகு பெரிதாக மாறாத அந்த வண்டியை வைத்துத்தான் ஜெர்மன் ஓட்டுநர் கென் ராக்சன் 2023 இண்டியானாபோலிஸ் சூப்பர்கிராஸை ஜெயித்தார். புது மாடல் பைத்தியம் தலைக்கேறும்போதெல்லாம் நான் அந்தப் பந்தயத்தை நினைத்துக்கொள்வேன்.

ஹைட்ராலிக் கிளட்ச் அவசியமா?

கேபிள் சூட்டில் நீளும், லிவரின் ஆட்டம் பந்தயத்தின் நடுவில் மாறும். ஹைட்ராலிக்கில் அது தானாகச் சரியாகும். கேடிஎம் பல காலமாக, கவாஸாகி 2019 முதல், ஹோண்டா 2021 முதல். யமஹா 2025 மாடல் வரை கேபிளோடு குடும்பம் நடத்தியது, பெரிதாக யாரும் அழவில்லை.

டூ ஸ்ட்ரோக் செத்துவிட்டதா?

இல்லை, படித்து வேலைக்குப் போயிருக்கிறது. கேடிஎம் 2017 மேயில், 2018 மாடலாக, 250, 300 எண்டூரோ டூ ஸ்ட்ரோக்குகளுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போட்டது. சிலிண்டரின் பக்கவாட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட்டிலேயே (காற்று சிலிண்டருக்குள் ஏறும் வழி) பெட்ரோலைத் தெளிக்கும் முறை அது. காட்டுக்கு நன்றாக இருந்தது. மோட்டோகிராஸ் வேகத்துக்கு அந்தக் கூர்மை போதவில்லை. 2023-இல் மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக்குகளான எஸ்எக்ஸ் வரிசைக்கு வேறு வழி: 39 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடியிலேயே இரண்டு இன்ஜெக்டர். கூடவே மின்சாரத்தால் இயங்கும் எக்ஸாஸ்ட் பவர் வால்வும் செல்ஃப் ஸ்டார்ட்டும். இனி வெயிலுக்கும் மலைக்கும் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்ற வேண்டாம்.

மறுபுறம் யமஹாவின் ஒய்இசட்250 இன்னும் கார்புரேட்டர், இன்னும் கிக்கர். ஸ்க்ரூ டிரைவரோடு வளர்ந்தவர்களுக்கு அதுதான் வேண்டும்.

மின்சார பைக்குகள்?

2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஸ்டார்க் வார்க் என்ற மின்சார மோட்டோகிராஸ் வண்டி 80 குதிரைத்திறன் வரை தருகிறது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ஹேண்டில்பாரில் இருக்கும் போன் போன்ற திரையில் "இன்றைக்கு 250 டூ ஸ்ட்ரோக் மாதிரி ஓடு" என்று சொன்னால் ஓரளவு அப்படியே ஓடும். பிரிட்டனில் உள்ளரங்கில் நடக்கும் அரினாகிராஸ் தொடரில் பெட்ரோல் வண்டிகளோடு மோதியும் இருக்கிறது. அரினாகிராஸ் பந்தயம் குறுகியது. முப்பது நிமிடமும் இரண்டு லேப்பும் முழுவேகத்தில் என்றால் பேட்டரி கேட்கும் எடை இன்னும் தீராத கணக்கு.

ஃபேக்டரி எடிஷன் என்பது வெறும் ஸ்டிக்கரா?

சில கம்பெனிகளுக்கு ஸ்டிக்கரும் சைலன்சரும்தான். கேடிஎம்மின் கதை வேறு. அமெரிக்கப் பந்தய விதிப்படி ஃபிரேம், இன்ஜின் உறை போன்றவை கடையில் விற்கும் வண்டியுடையதாக இருக்க வேண்டும். 2012-இல் அமெரிக்க சாம்பியன் ரயன் டஞ்சி கேடிஎம்முக்கு வந்தபோது, அடுத்த ஆண்டுக்கான 450 தயாராக இருந்தது, ஆனால் கடைக்கு வரவில்லை. அதனால் குறைந்த எண்ணிக்கையில் ஃபேக்டரி எடிஷன் என்று விற்று விதியைத் திருப்திப்படுத்தினார்கள். அன்றிலிருந்து கேடிஎம் ஃபேக்டரி எடிஷனில் ஃபிரேமோ இன்ஜினோ மாறியிருந்தால், அடுத்த மாடல் என்ன என்பதை அதிலேயே பார்த்துவிடலாம்.

நம் ஊரில் இவை கிடைக்கின்றனவா?

கவாஸாகியின் கேஎக்ஸ்250, கேஎக்ஸ்450 முழுதாக இறக்குமதியாகி விற்பனையில் இருக்கின்றன. கேடிஎம் 2024 இறுதியில் எஸ்எக்ஸ்-எஃப் வண்டிகளைக் கொண்டுவந்தது. 450-இன் விலை பத்து லட்ச ரூபாயைத் தாண்டியது. எதையும் ஆர்டிஓவில் பதிவு செய்ய முடியாது. பூட்டிய தடத்துக்கு டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பந்தயப் பக்கம் நமக்கு இருக்கும் உண்மையான தொடர்பு ஓசூர். டிவிஎஸ் ரேசிங், பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து 2015 முதல், பாலைவனம் தாண்டி ஓடும் டக்கார் ராலி அணியில் இருந்தது. அந்த வண்டியில்தான் கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 (முதன்மை வகுப்புக்கு அடுத்த) பிரிவை ஜெயித்தார். மொத்தத்தில் 11-ஆம் இடம். ராலி வண்டியும் 450 சிசிதான் என்றாலும் பெரிய டேங்க், வழிகாட்டும் கருவிகள் என்று அது தனி ஜாதி.

போன தலைமுறை வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. செல்ஃப் ஸ்டார்ட் வந்த 2018, 2019-க்குப் பிந்தையதாக இருந்தால் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. மிச்சப் பணத்தில் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, சஸ்பென்ஷனைப் பிரித்துச் சர்வீஸ் செய்யுங்கள். கம்பெனியிலிருந்து வரும் ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டது. நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், எந்த ஆண்டு வண்டியானாலும் பின்பக்கம் உட்கார்ந்தேதான் ஓடும். ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் 100 முதல் 105 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ஒரு நண்பரும் டேப்பும் போதும் அளக்க.

வாங்கும்போது ஆண்டைவிட ஹவர் மீட்டரைப் பாருங்கள். இந்த இன்ஜின்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். ஹோண்டாவின் 62.1 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் இன்ஜின் 11,000 சுழற்சியில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 22 மீட்டருக்கு மேல். பந்தயத்தில் ஓட்டினால் 15 மணி நேரத்திலேயே பிஸ்டனை மாற்றச் சொல்லும் கையேடும் உண்டு, 50 மணி வரை விடும் கையேடும் உண்டு. மீட்டர் 80 காட்டி, "பிஸ்டன் தொட்டதே இல்லை, அவ்வளவு கண்டிஷன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பிஸ்டன், ரிங், டைமிங் செயின், கேஸ்கெட், கூலி அத்தனையையும் விலையில் கழித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.